1850 கார்னெட்டில் நிக்கல் முலாமா?

உங்கள் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவி) 1850-ஐச் சேர்ந்தது என்று விற்பவர் சொல்கிறார், அதன் வெண்ணிற முலாம் நிக்கலா என்று கேட்கிறீர்கள். அந்த ஆண்டில் நிக்கல் முலாம் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கருக்கவே இல்லை, வெண்மையில் லேசாக மஞ்சள் ஓடுகிறது என்கிறீர்கள், அது பெரும்பாலும் நிக்கல். வெள்ளி என்றால் குழாய் வளைவுகளில் கருமை படிந்திருக்கும்.

இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்கு 1840-இல் பெற்ற காப்புரிமையால் வெள்ளி முலாம் முந்திக்கொண்டது. நிக்கல் தொழிலாக வளர்ந்தது, அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் 1869-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான்.

விரல் பட்டுத் தேய்ந்த வால்வு உறையைப் பாருங்கள். அடியில் பித்தளையின் மஞ்சள் தெரிந்தால் முலாம். அங்கேயும் வெள்ளை என்றால் ஜெர்மன் சில்வராக இருக்கலாம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

ஆனால் முலாம் பிந்தியது என்பதால் கார்னெட்டும் பிந்தியது என்று சொல்லிவிட முடியாது. பழைய கருவிக்குப் பிற்காலத்தில் முலாம் பூசியிருக்கலாம். அப்புறம், ஊதுவாயும் நிக்கல் என்றால் கவனம், சிலருக்கு உதடு அரிக்கும்.