தரையில் கிடக்கும் கத்தரிக்காய்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஆயில் பெயின்டிங் பழகுகிறேன். ஒரு வருடமாகக் காய்கறிகளைத்தான் வரைகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். "கத்தரிக்காயை யார் சுவரில் மாட்டுவார்கள், தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டால் நாலு காசாவது வரும்" என்கிறார் மாமியார். ஓவியத்தில் ஸ்டில் லைஃப், அதாவது காய், பாத்திரம் மாதிரி அசையாப் பொருள்களை வரைவதுதான் கடைசிப் படி என்று எங்கோ படித்தேன். அப்படியா? இன்னொன்று, ஒரு படம் முடிய எட்டு, பத்து நாள் ஆகிறது. அதற்குள் காய் வாடிவிடுகிறது. போனில் போட்டோ எடுத்துவைத்துப் பார்த்து வரையலாமா? கடைசியாக வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன். எளிய பொருள்களின் ஆன்மாவைக் கொண்டுவர முயன்றிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்ததற்கு முதல் நாள்தான் தாராசுரம் மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். வாங்கப் போனது அரைக் கிலோ அவரைக்காய். ஒருவர் மூட்டையை அவிழ்த்துச் சாக்கின் மேல் கத்தரிக்காயைக் கொட்டினார். உருண்டு ஓடியதில் நாலைந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. யாராலும் அப்படி அடுக்கி வைக்க முடியாது. அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உங்கள் படம் வந்து நிற்கிறது. ஆகவே திட்டு கொஞ்சம் கூடுதலாகவே விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் காசைப் பற்றிச் சொன்னது சரிதான். அதை விடுங்கள். கடைசிப் படி என்பது 1667இல் பாரிசில் ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் போட்ட வரிசை. சரித்திரமும் புராணமும் மேலே, உயிரற்ற பொருள்கள் அடியில். அதே பாரிசில் 1880இல் மனே என்ற ஓவியர் ஒரு கட்டு அஸ்பாரகஸ் தண்டை வரைந்து 800 ஃபிராங்க் விலை சொன்னார். வாங்கியவர் 1,000 அனுப்பிவிட்டார். மனே மீதிக் காசைத் திருப்பித் தரவில்லை. ஒற்றைத் தண்டு ஒன்றைத் தனியாக வரைந்து, உங்கள் கட்டில் இது விட்டுப்போயிருந்தது என்று சீட்டு எழுதி அனுப்பினார். நம்மூர் காய்க்காரம்மா கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுவார்களே, அந்தக் கொசுறுதான். காய்க்கடை தர்மம் தெரிந்த ஆள். ஃபெலிபியனை மறந்துவிடுங்கள்.

"எளிய பொருள்களின் ஆன்மா" என்று இனிமேல் எழுதாதீர்கள். ஒரு வருடம் கத்தரிக்காயை வரைந்த பிறகுமா அதை எளிய பொருள் என்கிறீர்கள்?

சரி, படத்துக்கு வருகிறேன். மேசை. மேசைமேல் மடிப்பு மடிப்பாகச் சிவப்பு வெல்வெட். பின்னால் குகை மாதிரி இருட்டு. ஒரு வெண்கலச் செம்பு, மூன்று கத்தரிக்காய், பக்கத்தில் தோலைச் சுருளாகச் சீவித் தொங்கவிட்ட ஒரு எலுமிச்சம்பழம். அம்மா, மயிலாடுதுறையில் எந்த வீட்டில் எலுமிச்சம்பழத்துக்குத் தோல் சீவுகிறார்கள்? 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் சீவினார்கள். அவர்கள் வீட்டில் மேசை இருந்தது, பக்கவாட்டில் ஜன்னல் இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். இருந்ததை வரைந்தார்கள். நீங்கள் இல்லாததை வரைந்திருக்கிறீர்கள்.

நம்மிடம் காய் தரையில் கிடக்கிறது. இப்போது எல்லார் வீட்டிலும் மேசை வந்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனாலும் மார்க்கெட்டிலிருந்து வந்த பையை எங்கே கவிழ்க்கிறீர்கள்? தரையில், முறத்தில், செய்தித்தாளில். அரிவாள்மனை முன்னால் உட்காருகிறவளின் கண் காய்க்கு மேலே ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் மேசை விளிம்பு என்று ஒரு கோடே கிடையாது. ஒரு காய் இன்னொரு காயை மறைக்காது. கத்தரிக்காயின் காம்பும் பச்சைத் தொப்பியும் உங்களைப் பார்த்தபடி கிடக்கும். சேனைக்கிழங்கு ஒரு குன்றாகத் தெரியாது, பள்ளமாகத் தெரியும். தரை பின்னணி ஆகிவிடும். சிமென்ட் தரையின் விரிசல்கூடப் படத்துக்குள் வரும். நிற்கிற உயரமும் வேண்டாம், நாற்காலி உயரமும் வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். இதை உங்களுக்குப் பத்துத் தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

வெளிச்சமும் அப்படித்தான். பழைய டெல்டா வீட்டில் வெளிச்சம் முற்றம் வழியாக மேலிருந்து இறங்குகிறது. நிழல் நீண்டு போகாது, காயின் அடியிலேயே சுருண்டு கிடக்கும். உங்கள் மூன்று கத்தரிக்காயிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது? யூடியூபிலிருந்து. முற்றத்து ஓரத்தில் ஒரு புதுக் கத்தரிக்காயை வைத்துக் குனிந்து பாருங்கள். பளபளப்பு வெள்ளையாக இருக்காது. வளைந்துபோன ஒரு சின்ன நீலக் கட்டம் தெரியும், குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். வானமும் முற்றத்துக் கம்பியும்தான் அது.

ஸ்பெயினின் தொலேதோ ஊரில் சாஞ்செஸ் கோத்தான் என்று ஒரு ஓவியர் 1602 வாக்கில் முட்டைக்கோசை நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டு வரைந்தார். வினோதம் என்பார்கள். அந்த ஊரில் காய் கெடாமலிருக்க அப்படித்தான் தொங்கவிடுவார்களாம். காய் இருந்த இடத்திலேயே அவர் வரைந்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் மடத்தில் சேர்ந்துவிட்டார், அது வேறு கதை. நம் கொல்லைப் பந்தலில் புடலங்காய் சுருளாமல் நீள நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதை யாராவது வரைந்தீர்களா?

இவ்வளவு பேசுகிற நான் என்ன கிழித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். குடமுருட்டிக் கரையில் பெரியம்மா வீடு. வாழைப்பூ ஆயும் நாளில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு முற்றத்தில் உட்காருவாள். மடலை ஒவ்வொன்றாக உரித்து, பூவில் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்து, அரிந்ததை மோர்த் தண்ணீரில் போடுவாள். உரித்த மடல்கள் படகு மாதிரி தரையில் கவிழ்ந்து கிடக்கும். வெளிப்பக்கம் ஆறிப்போன ரத்தத்தின் நிறம், உள்பக்கம் பளிச்சென்ற சிவப்பு. மோரில் போட மறந்த பூ கால் மணி நேரத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள பிராணவாயுவின் வேலை. நம் சாயத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் இறுகுவதும் அதே பிராணவாயுவால்தான், அதற்குத்தான் நாள் கணக்கில் ஆகிறது.

பதினெட்டு வயதில் அந்த மடல்களை வரைந்து ஒரு போட்டிக்குக் கொண்டுபோனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் தாமரையாகப் போட்டிருக்கலாமே" என்றார். இன்னும் நாலு நாள் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி, அதே கேன்வாசில், சரியாகக் காயாத அரக்குச் சிவப்பின் மேலேயே டர்பன்டைனில் கரைத்து எண்ணெய் குறைந்துபோன ரோஜா நிறத்தைப் பூசித் தாமரையாக்கினேன். ஆறுதல் பரிசும் கிடைத்தது. எண்ணெய் ஓவியத்தில் அடியில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப் போகக் கூட வேண்டும். நான் செய்தது தலைகீழ். சில வருடங்களில் தாமரை இதழ்கள் வெடித்து, உள்ளே இருந்த வாழைப்பூ எட்டிப் பார்த்தது. அண்ணன் வீட்டில் இன்னமும் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் தாமரைக்கு ஏதோ நோய் என்று நினைக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது போட்டோ விஷயம். வேண்டாம். கத்தரிக்காயின் ஊதாவைப் போன் கறுப்பாக்கிவிடும். எது முதலில் வாடுமோ அதை முதலில் வரையுங்கள். கீரையும் வாழைப்பூவும் முதல் நாளே, முதல் மணி நேரத்திலேயே. கத்தரியின் பளபளப்பும் அன்றைக்கே. இரண்டாம் நாள் தோல் மங்கும், முற்றம் போய்விடும். வெண்டைக்காய் வாடினால் அதே அளவில் இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். பரங்கியும் சேனையும் கடைசியில், அவை உங்களுக்காகக் காத்திருக்கும். ஐப்பசி மழையில் சாயம் காயத் தாமதமாகும், ஃபேனுக்கு அடியில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், சாயத்துக்கும் டர்பன்டைனுக்கும் பக்கத்தில் பத்து நாள் கிடந்த காயை வீணாகிறதே என்று எடுத்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள். மாட்டுக்கும் போட வேண்டாம்.