மறு: பழைய தரவில் இலாபம், போட்டியில் நட்டம்

வந்தாறுமூலைத் தங்கைக்கு,

பங்கின் விலை கடந்த 20 நாள் விலைகளின் சராசரியைத் தாண்டினால் வாங்கும் உங்கள் செய்நிரல் பழைய தரவில் இலாபம் காட்டுகிறது, மாணவியருக்கான மெய்நிகர் வர்த்தகப் போட்டியில் மட்டும் நட்டப்படுகிறது என்கிறீர்கள். அணியினர் சூத்திரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம். அதை விடுங்கள்.

நீங்கள் இட்டிருக்கும் வரிகளில், இன்றைய இறுதி விலையைக் கொண்டு முடிவெடுத்து, இன்றைய தொடக்க விலையிலேயே வாங்குகிறீர்கள். சந்தை மூடிய பின் தெரியும் விலை காலையில் எப்படித் தெரியும்? விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுவது இது. அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நிரலகமான பாண்டாஸைப் பயன்படுத்துவதால் திருத்தம் சிறியது: எந்த நாளில் வாங்குவது என்று குறிக்கும் சமிக்ஞை நெடுவரிசைக்கு ஷிஃப்ட்(1) கொடுங்கள், அதன் மதிப்புகள் ஒரு வரிசை கீழே நகர்ந்து, வாங்குவது மறுநாளுக்குத் தள்ளிப்போகும். இலாபம் சுருங்கும். திகைக்க வேண்டாம், முன்பு கண்டது இலாபமே இல்லை.

கட்டணத்தையும் கழியுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் சாதாரணத் தொகைகளுக்கு வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போதும் அவ்வளவே. போட்டி விதி வேறு வீதம் சொன்னால் அதையே இடுங்கள். அடிக்கடி வாங்கி விற்கும் செய்நிரல் இதிலேயே கரைந்துவிடும்.

விடுதி இணையம் அறுந்து அறுந்து வருகிறதே என்ற கவலை தேவையற்றது. இறுதி விலையில் இயங்கும் செய்நிரலுக்கு மாலையில் ஒருமுறை இணைப்புக் கிடைத்தால் போதும்.