கொழும்பில் பழைய ஆக்சியோவுக்கு ஷாக் மாற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கோவையிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் வீடு பிடித்து, 2008 மாடல் டொயோட்டா ஆக்சியோ ஒன்றும் வாங்கிவிட்டீர்கள். மீட்டரில் 1,80,000 கிலோமீட்டர். குழியில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்க்கிறது. கராஜில் நாலு ஷாக்கும் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) நாலு ஸ்பிரிங்கும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதா, வண்டியைத் தள்ளிவிடுவதா, ஊருக்குப் போகும்போது பார்ட்ஸ் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் ஷாக்கை மலிவாக வாங்கி வருவதா?

தள்ளிவிடும் யோசனையை முதலில் விடுங்கள். நம் ஊரில் வண்டி இந்த வயதுக்கு வந்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு பார்ப்போம். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான், அதுவும் தலைசுற்றும் வரியோடு. நடுவில் 2022 நெருக்கடி வேறு. அதனால் பழைய ஜப்பான் வண்டிகளின் விலை ஏறியே நிற்கிறது. இதை விற்றுவிட்டு அதே பணத்தில் நீங்கள் வாங்கப்போவது இன்னொருவர் ஷாக் மாற்றாமல் விற்கிற இன்னொரு ஆக்சியோவாகத்தான் இருக்கும். நான் வந்த புதிதில் 'இந்த ஊர்க்காரர்கள் பழைய வண்டிக்கு ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள்' என்று நினைத்ததுண்டு. இப்போது நானும் அவர்களில் ஒருவன்.

புதுப்பேட்டையும் உதவாது. ஆக்சியோ இந்தியாவில் விற்கப்பட்டதே இல்லை. அங்கே விற்ற டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் பார்க்கச் சொந்தக்காரன் மாதிரி இருந்தாலும் அதன் ஷாக் இதற்குப் பொருந்தும் என்று நம்பி வாங்க முடியாது. அதோடு இது கேஸ் அடைத்த பொருள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம். மாருதி ஆல்ட்டோ வைத்திருந்தால் பேச்சு வேறு. இங்கே ஓடும் ஆல்ட்டோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்ததுதான், பார்ட்ஸும் அப்படியே வருகிறது.

சரி, உண்மையிலேயே நாலும் போய்விட்டதா? கிலோமீட்டரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பழைய வண்டிகளின் மீட்டர் சொல்வது எப்போதும் உண்மை என்றும் இல்லை. சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் விடாமல் தட்டினால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) மேல்தான். அது ஷாக்கைவிட எவ்வளவோ மலிவு. பிரேக் போடும்போதும் ரிவர்ஸில் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' வந்தால் சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் இறுகி 'டொய்ங்' என்று சுண்டினால் ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் மவுண்ட்டோ அதன் பேரிங்கோ போயிருக்கும். இவற்றைப் பார்க்காமல் ஷாக் மாற்றினால் காசும் போகும், சத்தமும் இருக்கும்.

நீங்கள் சொன்ன மூக்குக் குத்தல் மட்டும் ஷாக்கின் அடையாளம்தான். பானட்டின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆடாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, பாதி தேய்ந்ததும் இதில் பாஸாகிவிடும். அதனால் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக நிறுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. ஷாக்கின் பளபளக்கும் தண்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அது கிழிந்தால் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து தண்டைப் பொரித்துவிடும். பொரிந்த தண்டு ஏறி இறங்கும்போது எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் சீலை அறுக்கும். பிறகு எண்ணெய் ஒழுகும். மலிவான அந்த உறையைத்தான் பலர் மாற்றாமல் விடுகிறார்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காரும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு பிடித்து அங்கேதான் உடையும். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே கிடந்தால் வெளியே தெரியாது.

ஸ்பிரிங் உடையாமல் இருந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றில்லை, தொய்ந்திருக்கிறதா என்று அளந்தால் போதும். சமதரையில், ஆள் இல்லாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே தொய்ந்திருக்கலாம் என்பதால் வேறொரு ஆக்சியோவையும் அளந்து ஒப்பிடுங்கள். கொழும்பில் அதற்கா பஞ்சம், உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கிலேயே நிற்கும். தொய்ந்திருந்தால் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உயரம் ஏறும், ஆனால் பாரம் மற்றச் சுற்றுகளின் தலையில் விழும்.

மாற்றுவது என்றானபின் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் இரண்டு, அல்லது பின்னால் இரண்டு. நாலையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. உங்கள் வண்டியில் முன்னால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த ஸ்ட்ரட், வேலை பெரியது. அதைக் கழற்றும்போதே மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர்), உறை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம். பின்னால் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. அது சின்ன வேலைதான்.

பார்ட்ஸுக்குப் பஞ்சிகாவத்தை. மருதானையை ஒட்டித்தான், அந்தத் தெருக்களில் கடைக்குக் கடை ஸ்பேர் பார்ட்ஸ். பல கடைகளில் தமிழில் பேசலாம். மாடல் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதாது, ஷாசி நம்பரைக் கேட்பார்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டி என்பதால் நம் ஊர் மாதிரி 17 எழுத்து நம்பர் இருக்காது. NZE141 என்பது போலத் தொடங்கும். அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கர டிரைவ் வண்டிக்குப் பின்பக்கம் வேறு, குழப்பிவிட வேண்டாம். முன் ஸ்ட்ரட்டில் இடம் வலம் உண்டு, பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

இங்கே 'ரீகண்டிஷன்' என்று ஜப்பானில் பிரித்த வண்டியின் ஷாக் கிடைக்கும். எஞ்சினோ கதவோ அப்படி வாங்கலாம். ஷாக் மட்டும் வேண்டாம். அதுவும் எத்தனையோ வருடம் ஓடிக் கழன்றது, உள்ளே எவ்வளவு உயிர் மிச்சம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய் நிரப்பி வெல்டிங் வைத்துத் தருவதும் அப்படியே. கேஒய்பி (KYB) போன்ற ஜப்பான் கம்பெனியின் புதியதை, பில்லும் எழுத்தில் வாரண்டியும் தரும் கடையில் வாங்குங்கள். போலிப் பெட்டி உண்டு என்பதால் மூன்று கடையில் விலை கேளுங்கள். ஒரு கடையில் மட்டும் சொல்லமுடியாத மலிவாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

யூடியூப் பார்த்து அடுக்குமாடி பார்க்கிங்கில் நீங்களே செய்ய நினைக்க வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் பாஸ் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வார், சக்கரத்தின் சாய்வு அதே இடத்துக்குத் திரும்பி வர. பிரேக் ஹோஸில் சக்கரத்தின் பாரம் தொங்கவிட மாட்டார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் மேலே நடு நட்டில் கைவைப்பார். புதுத் தண்டைக் குறடால் பிடிக்கிறவர் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், அந்தக் கீறல் சீலைத் தின்றுவிடும். கழற்றிய பழையதை வாங்கித் தண்டை அமுக்கிப் பாருங்கள். கேஸ் ஷாக் என்றால் தானாக மெல்ல எழும்ப வேண்டும். அமுக்கிய இடத்திலேயே கிடந்தால் நீங்கள் செலவழித்தது சரியான இடத்தில்தான்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதைச் செய்யாமல் காலி நகரம் (Galle) வரை எக்ஸ்பிரஸ்வேயில் போய் வந்தால் முன் டயர் ஓரம் தேய ஆரம்பித்துவிடும். மேடு பள்ளமாகிவிட்ட பழைய டயர் புது ஷாக்கோடும் கொஞ்ச நாள் ஊங்காரம் போடும், பயப்பட வேண்டாம்.

பஞ்சிகாவத்தைக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போகாதீர்கள், கடை அடைப்பு. வெள்ளி என்றால் காலையிலேயே போய்விடுங்கள். ஜும்மா நேரத்தில் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும்.