தாடை முடிக்கு லேசர்: கல்யாணத்துக்கு முன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் களுவாஞ்சிக்குடி. தாடையிலும் மேலுதட்டிலும் முடி தடிப்பாக வளர்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை த்ரெடிங் செய்கிறேன். மாதவிடாய் சில நேரம் இரண்டு, மூன்று மாதம் தள்ளிப் போகும். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. லேசர் செய்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று பார்லரில் சொல்கிறார்கள். நான் மாநிறம். செய்யலாமா?

பதில்: செய்யலாம் தங்கச்சி. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப் போவதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். தாடை முடியும் மாதவிடாய்க் குழப்பமும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் (சூலகத்தோடு சேர்ந்து ஹோர்மோன் குழம்பும் நிலை) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஆண் ஹோர்மோன் கூடும்போது பூனைமுடி தடித்துக் கறுப்பாகும். அதைக் கவனிக்காமல் லேசர் மட்டும் அடித்தால், ஒரு முடி போன இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று தடித்து வரும். காசு கரைந்துகொண்டே இருக்கும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ டொக்டரிடம் காட்டுங்கள். டெஸ்டோஸ்டிரோன், தைரொய்ட், ப்ரோலாக்டின் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். ஹோர்மோனைச் சீராக்க டொக்டர் மாத்திரை தந்தால், அதன் பலன் முடியில் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுக்கலாம்; அதனால் இப்போதே தொடங்குவது நல்லது. லேசரும் கூடவே நடக்கலாம். இந்த மாத்திரைகளில் சிலது கர்ப்ப காலத்துக்கு ஆகாது. கல்யாணம் நெருங்குவதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குரல் கரகரத்தாலோ, சில மாதங்களுக்குள் நெஞ்சு, வயிறு என்று முடி பரவினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். லேபல் இல்லாத டப்பாவில் வரும் வெள்ளையாக்கும் க்ரீம் ஏதும் பூசுகிறீர்களா? அப்படியான பலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அதுவே முகத்தில் முடி வளர்க்கும், தோலையும் மெல்லியதாக்கும். அந்தத் தோலில் லேசர் பட்டால் புண்ணாகலாம்.

சரி, லேசருக்கு வருவோம். அதன் ஒளி கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சூடாகி வேரைப் பொசுக்குகிறது. நம்முடைய தோலிலும் அதே நிறமி நிறைய இருப்பதுதான் சிக்கல். 755 நானோமீற்றர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர் தோலுக்கானது. மாநிறத்தில் சுட்டுக் கருந்தழும்பு போட்டுவிடக்கூடும். 1064 நானோமீற்றர் என்டி யாக் மேல்தோலை அதிகம் சுடாமல் ஆழத்துக்குப் போகும். நம் நிறத்துக்கு அதுதான் பாதுகாப்பு கூடியது. 810 நானோமீற்றர் டையோட் லேசரும் நல்ல குளிரூட்டலோடு, பழகிய கையில் பரவாயில்லை. ஐபிஎல் (பல அலைநீள ஒளியைப் பளிச்சென்று அடிக்கும் மெஷின்) லேசரே இல்லை, ஆனாலும் பல இடங்களில் லேசர் என்றே சொல்லி விற்கிறார்கள். எந்த மெஷின், எந்த அலைநீளம், யார் பிடிக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வந்துவிடுங்கள். தெரிந்தவர்களிடம் போனாலும் முதலில் காதோரம் சிறு இடத்தில் அடித்துப் பார்த்து, ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரேயடியாகப் போகும் என்பது சரியில்லை. வளரும் கட்டத்தில் இருக்கும் முடியில் மட்டுமே லேசர் பிடிக்கும். அதனால் முகத்துக்கு நாலு முதல் ஆறு கிழமை இடைவெளியில் ஆறு, எட்டுத் தடவை வேண்டும். பிறகும் வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்படலாம். ஆனால் கன்னத்துப் பூனைமுடியில் அடிக்க விடவே விடாதீர்கள். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு, அதுவும் பிசிஓஎஸ் இருந்தால், அந்த மெல்லிய முடி தடித்து வருவதும் உண்டு.

லேசருக்கு நாலு கிழமைக்கு முன் த்ரெடிங்கை நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதுவரை சவரம் செய்யுங்கள். சவரத்தால் முடி தடிக்காது, பயம் வேண்டாம். வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். அடிக்கும்போது ரப்பர் பேண்டால் சுண்டியது போல சுரீரென்று இருக்கும், கருகிய மணமும் வரும். ஒவ்வொரு முடியடியிலும் சிவந்து சின்னதாக வீங்கி, ஓரிரு நாளில் அடங்கும். இரண்டு கிழமைக்குள் முடி உதிரும். கொப்புளம் வந்தால் உடனே டொக்டரிடம் போங்கள்.

ஐந்து மாதத்துக்குள் மூன்று, நாலு தடவை செய்யலாம். கடைசித் தடவைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே நாலு கிழமையாவது இருக்கட்டும். கல்யாணக் கிழமையில் மிச்ச முடிக்கு த்ரெடிங் செய்துகொள்ளலாம். அடுத்த லேசரை அதிலிருந்து ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.