நன்றாக ஓடும் பழைய எஞ்சின்களைக் கார் நிறுவனங்கள் ஏன் கைவிடுகின்றன?

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் இன்றும் மொறிஸ் மைனர் வந்து நிற்பதைப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயமே. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்கள் இங்கே எத்தனை! அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவு, குறைவாக இருந்ததால்தான் அது முடிந்தது. இத்தகைய எஞ்சின்களை உறுதி போதாதென்று யாரும் நிறுத்தவில்லை. புகைக் கட்டுப்பாடுதான் முதற்காரணம்.

1952 முதல் மைனரில் பொருத்தப்பட்ட ஏ-சீரீஸ் எஞ்சினையே பாருங்கள். சிலிண்டர்கள் நான்கு, காற்றும் பெற்றோலும் உள்ளே போக வழிகள் இரண்டே. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒரே வழியால் இழுப்பதால் ஒன்றுக்கு எரிபொருள் கூடும், மற்றதற்குக் குறையும். ஓட்டுபவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் புகையிலுள்ள நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கி மாற்றிக்கு, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதம் வேண்டும். விலகினால் நச்சு வாயுக்கள் அப்படியே வெளியேறும். திருத்துவதென்றால் இந்த வழிகள் அமைந்த எஞ்சின் தலைப்பகுதியையே புதிதாக வடிவமைத்து, வார்ப்பு அச்சுகளையும் துளையிடும் இயந்திரங்களையும் மாற்ற வேண்டும். அவ்வளவு செலவழிப்பதென்றால் எந்த நிறுவனமும் புதிய எஞ்சினையே செய்யும்.

ஈயமில்லாப் பெற்றோலால் வால்வு இருக்கைகள் (வால்வுகள் மூடும்போது அமரும் இடங்கள்) தேய்வது சிறிய சிக்கல்தான். கடின உலோக வளையம் பதித்தால் தீரும்.

எரிபொருளைப் பீய்ச்சும் முறையைச் சேர்த்து, இந்த எஞ்சின் 2000 வரை மினி கார்களில் தாக்குப்பிடித்தது. உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. மைனர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.