இரண்டு நெட்வொர்க், ஒரே கணினி

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணக்கு சர்வரும் பிரின்டரும் கேபிள் வழியாக ஒரு தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன, அதில் இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட்டுக்கென்று வேறொரு வைஃபை ரவுட்டர் வைத்திருக்கிறோம். என் விண்டோஸ் கணினியில் இரண்டையும் சேர்த்து இணைத்தால் சர்வர் கிடைக்கிறது, ஆனால் இன்டர்நெட் நின்றுவிடுகிறது. கேபிளைக் கழற்றினால் இன்டர்நெட் வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கேபிளிலும் வைஃபையிலும் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. எந்தத் தகவலை எந்த வழியில் அனுப்புவது என்பதைக் கணினி ஒரு ரூட்டிங் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தன் நெட்வொர்க்கிலேயே உள்ள முகவரி என்றால் நேராக அனுப்பிவிடும். அட்டவணையில் தனி வழி குறிக்கப்படாத மற்ற எல்லாவற்றையும் டிஃபால்ட் கேட்வே என்ற ஒரே வாசலுக்குத் தள்ளிவிடும். உங்கள் கணினியில் கேபிள், வைஃபை இரண்டும் ஆளுக்கொரு கேட்வேயைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி இரண்டு இருந்தால் மெட்ரிக் (வழிகளின் முன்னுரிமையைக் காட்டும்) எண் குறைவாக உள்ளதையே விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். வேகமான இணைப்புக்குக் குறைந்த எண் தரப்படுவதால் பெரும்பாலும் கேபிளே முந்திக்கொள்ளும். அந்தப் பக்கம் இன்டர்நெட் இல்லை என்பதால் இணையதளம் எதுவும் திறப்பதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் ‘ரூட் பிரின்ட்’ (route print) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருந்தால் காரணம் இதுவேதான்.

கேபிள் இணைப்பின் ஐபிவி4 (IPv4, கணினியின் ஐபி முகவரியைக் குறிக்கும் இடம்) அமைப்பில், சர்வர் உள்ள நெட்வொர்க்கில் வேறெந்தக் கருவிக்கும் தரப்படாத ஒரு முகவரியையும் 255.255.255.0 போன்ற அங்குள்ள சப்நெட் மாஸ்க்கையும் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்பதைக் காட்டும் எண்) நீங்களே பதிவு செய்துவிட்டு, டிஃபால்ட் கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கான கட்டமும் வெறுமையாக இருக்கட்டும்; சர்வரைப் பெயரால் அழைக்க முடியாமல் போனால் அதன் ஐபி எண்ணைக் கொடுத்தே திறக்கலாம். வைஃபை அமைப்பில் கை வைக்கத் தேவையில்லை. உள் நெட்வொர்க்கே பல பிரிவுகளாக இருந்து, சர்வர் 192.168.20 வரிசையிலும் நீங்கள் 192.168.10 வரிசையிலும் இருந்தால் மட்டும், அந்தப் பிரிவுக்கான வழியை ‘ரூட் ஆட்’ (route add) கட்டளையால் தனியாகச் சேர்க்க வேண்டும். அதனுடன் ‘பி’ (-p) என்ற சுவிட்சையும் கொடுக்காவிட்டால் கணினியை அணைத்துப் போட்டதும் அந்த வழி மறைந்துவிடும்.

இவ்வளவும் செய்யும் முன் இரண்டு பக்கத்து முகவரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரவுட்டர்கள் பலவும் 192.168.1 அல்லது 192.168.0 வரிசையிலேயே கடையிலிருந்து வருகின்றன; இரு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் சர்வர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கணினிக்குத் தெளிவாகத் தெரியாது, எந்த அமைப்பும் நம்பகமாக வேலை செய்யாது. வைஃபை ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்பதுபோல மாற்றிவிட்டால் போதும்.

உங்கள் உள் நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லாதது பாதுகாப்புக்காகத் திட்டமிட்டுச் செய்ததா என்பதை அதை அமைத்தவரிடம் அவசியம் கேளுங்கள். இரண்டிலும் கால் வைத்திருக்கும் ஒரு கணினியில் தீய மென்பொருள் நுழைந்துவிட்டால், அங்கிருந்தே அது சர்வரைத் தாக்க முடியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற தீய மென்பொருள், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிகளுக்குத் தானாகவே தாவியது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆகவே உங்கள் கணினியில் மட்டுமல்லாமல், இன்டர்நெட் இல்லாத சர்வரிலும் அப்டேட்டுகளைத் தவறாமல் போடுங்கள். வைஃபையை, உங்கள் கணினியை மற்றவர்களுக்குக் காட்டாத ‘பப்ளிக்’ நெட்வொர்க்காகவே வைத்திருங்கள். இரண்டு இணைப்புகளையும் ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்’ வசதியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் தொடாதீர்கள். அது நெட்வொர்க்குகள் இரண்டையும் ஒன்றாகவே கலந்துவிடும். சர்வரில் இருப்பது வாடிக்கையாளர்களின் வங்கி விவரம் போன்றதென்றால், இன்டர்நெட்டுக்கு ஒரு பழைய கணினியைத் தனியே ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.