நின்று நின்று ஓடும் ஏசி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஏசி போட்ட சில நிமிடத்தில் கம்ப்ரசர் (வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடுகிறது, திரும்பவும் நிற்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்தன. கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது இரண்டே விஷயம். எத்தனை நிமிடம் ஓடி நிற்கிறது? நிற்கும்போது அறை குளிர்ந்திருக்கிறதா? கடிகாரத்தை வைத்து ஒரு மணி நேரம் கவனித்துக் குறித்து வையுங்கள். மெக்கானிக்குக்கும் அந்தக் குறிப்பு ரொம்ப உதவும்.

கேள்வி: எங்கள் ஏசி 15 நிமிடம் ஓடி நிற்கிறது. கோளாறா?

இல்லை. சாதாரண ஏசி, நீங்கள் வைத்த குளிர் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தத்தான் செய்யும். மணிக்கு இரண்டு மூன்று தடவை அப்படி நின்றால் இயல்புதான். மூன்று நான்கு நிமிடத்திலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஐந்து நிமிடம்கூட ஓடுவதில்லை, அறையும் குளிரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகும் என்கிறார். நிரப்பலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஏசியைக் குளிர வைக்கும் கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் வெளியே போய்விடும்.

அதற்கும் முன்னால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தால், அதன் பின்னால் இருக்கும் காயில் (கேஸ் ஓடிக் குளிரும் குழாய்ச் சுருள்) வழியாகப் போதிய காற்று போகாது, காயில் உறைந்து ஐஸ் கட்டும். காயிலில் இருக்கும் சென்சார் அதை உணர்ந்து கம்ப்ரசரை நிறுத்திவிடும். கேஸ் குறைந்தாலும் ஐஸ்தான் கட்டும். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காற்று தடைப்பட்டிருந்தால் பெரும்பாலும் காயில் முழுக்க ஐஸ் படரும். கேஸ் குறைவென்றால் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் வெள்ளையாகப் பூத்து, மீதி இடம் குளிராமல் கிடக்கும். ஐஸ் இருந்தால் கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருக்குங்கள். சுரண்ட வேண்டாம், காயில் ஓட்டையாகிவிடும்.

ஃபில்டரைக் கழுவி மாட்டியும் மாறவில்லையா? அப்போது கசிவைத் தேடச் சொல்லுங்கள். குழாய் இணையும் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இடத்தைத்தான். கசிவை அடைத்து, வாக்யூம் போட்டு (குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள அளவுக்குக் கேஸை எடைபோட்டு நிரப்புவதுதான் ஒழுங்கான வேலை.

கேள்வி: போன வாரம் சர்வீஸ் செய்தோம். அதற்கப்புறம்தான் இரண்டு நிமிடத்தில் நிற்கிறது.

என் வீட்டிலும் இதே நடந்தது. அறையின் வெப்பத்தைப் பார்க்கும் சிறிய சென்சார் ஒன்று, இன்டோர் யூனிட்டில் காற்று உள்ளே வரும் பக்கம், காயிலுக்கு முன்னால் கிளிப்பில் இருக்கும். கழுவும்போது அது நழுவிக் காயிலைத் தொட்டுவிட்டது. காயிலின் குளிரை அறையின் குளிர் என்று எடுத்துக்கொண்டு ஏசி நின்றது. நான் இரண்டு நாள் வேறெங்கெங்கோ தேடினேன். செய்தவரையே கூப்பிட்டு, சென்சாரை அதன் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடுகிறது, உச்சி வெயிலில் மட்டும் நிற்கிறது. அப்புறம் அரை மணி நேரம் ஓடுவதே இல்லை.

கம்ப்ரசர் சூடேறி, அதைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் கட் ஆகிறது. அது ஆறும் வரை ஓடாது. அவுட்டோர் காயிலில் தூசி அடைந்திருக்கிறதா, அதன் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி உள்ளேயே போகிறதா என்று பாருங்கள். கரண்டை நிறுத்திய பிறகு, அழுத்தம் அதிகமில்லாத தண்ணீரால் கழுவலாம். கேஸ் குறைந்தாலும் கம்ப்ரசர் சூடேறும், ஏனென்றால் அதன் வழியாகச் சுற்றும் கேஸ்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது.

கேள்வி: கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று உறுமி, சில நொடியில் 'டிக்' என்று நின்றுவிடுகிறது.

கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் என்ற பாகம் தளர்ந்திருக்கலாம், அல்லது வோல்டேஜ் குறைவு. கெப்பாசிட்டரை நீங்கள் தொடவே கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேள்வி: நின்றதும் ரிமோட்டில் மறுபடி போட்டுப் பார்க்கலாமா?

உடனே வேண்டாம், மூன்று நிமிடமாவது விடுங்கள். குழாயில் இரு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் சாதாரண கம்ப்ரசர் கிளம்பினால் பெரும் சுமையை இழுக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. அடிக்கடி நின்று கிளம்பும் கம்ப்ரசர் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

கேள்வி: சிறிய அறைக்கு 2 டன் ஏசி வாங்கிவிட்டோம். சட்டென்று குளிர்ந்து நிற்கிறது, ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை.

ஏசியில் கோளாறு இல்லை, அறைக்கு அது பெரிது. 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும், உங்களுடையது அதைப் போல் இரண்டு மடங்கு. ஈரத்தை இழுக்கக் காயில் தொடர்ந்து குளிராக ஓட வேண்டும், அதற்குள் அது நின்றுவிடுகிறது. பக்கத்து அறைக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா வீட்டு இன்வெர்ட்டர் ஏசி நிற்பதே இல்லை. எங்களுடையதும் இன்வெர்ட்டர்தான், மழை இரவுகளில் மட்டும் நின்று நின்று ஓடுகிறதே?

இன்வெர்ட்டர் ஏசி, குளிர் வந்ததும் நிற்பதற்குப் பதில் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து ஓடும். வெளியே குளிராக இருக்கும்போது, அதன் மிகக் குறைந்த வேகமே அறைக்கு அதிகமாகிவிடும், அதனால் நிற்கிறது. வெயில் நாளிலும் அப்படியே நின்றால், இன்டோர் யூனிட்டில் தெரியும் எரர் எண்ணைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.